பத்து எம்.எம்.

ஜக்கூர்ப் பயிற்சிக்கூடத்தில்
எங்களுக்கென்று ஒரு விமானம் இருந்தது.
பறக்காது. எண்ணெய் மட்டும் ஒழுகும்.
வருடாவருடம் வந்த மாணவர்கள்
அதே திருகைக் கழற்றி, அதே திருகை மாட்டி
தலை மழுங்கிப் போயிருந்தது.
திருகின் தலையைச் சொல்கிறேன்.

லாக்வயருக்கு மூன்று வாரம்.
ஒரு போல்ட் தளரப் பார்த்தால்
பக்கத்து போல்ட் அதை இறுக்கத்தின் பக்கமே
இழுத்துப் பிடிக்க வேண்டும்.
கம்பி அப்படித்தான் போகும்.
திசை மாறினால் வெட்டு, மறுபடி முறுக்கு.
வெட்டிய துண்டு தரையில் விழக்கூடாது.
குத்துப்பட்டுக் குத்துப்பட்டு
அந்த மாதம் என் விரலை
என் கைபேசிக்கே அடையாளம் தெரியவில்லை.

எஞ்சின் பாடத்தில் தொண்ணூற்று நான்கு.
ஒன்பதாம் மாட்யூலில் இரண்டு முறை தோல்வி.
ஒன்பதாவது, மனிதர்களைப் பற்றியது:
களைப்பு, அவசரம், வாய்மூடி இருத்தல்,
மனிதர் தவறும் வழிகள் பன்னிரண்டு.
அறைத்தோழி லால்ரெம்புயி
பன்னிரண்டையும் மிசோவில் மெட்டுப் போட்டு மனப்பாடம் செய்தாள்.
எனக்கு ஏழுக்கு மேல் நிற்கவில்லை.

ஆண்டர்சன்பேட்டையிலிருந்து அம்மா
ஞாயிறுதோறும் ஒரே கேள்வி:
"ஏறியாச்சா?"
இறக்கைக்குள் மல்லாந்து படுத்திருக்கிறேன் அம்மா,
எரிபொருள் வாசம் மூன்று குளியலுக்கும் போகாது.
இருக்கையில்தான் இன்னும் உட்காரவில்லை.

பிறகு தேவனஹள்ளி. ஹேங்கர். இரவு ஷிஃப்ட்.
கருவிப்பெட்டியைத் திறந்தால்
கறுப்பு நுரையில் ஒவ்வொரு கருவிக்கும்
அதன் உருவத்திலேயே ஒரு குழி.
டிசம்பரில் ஒரு வியாழன், இரண்டே முக்கால்.
வலது எஞ்சினை மூடியாயிற்று.
பத்து எம்.எம். சாக்கெட்டின் குழி
வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

கட்டைவிரல் நுனியளவு இரும்பு.
ஐந்து ஐம்பதுக்கு கவுஹாத்தி,
நூற்று எண்பத்தாறு பேர்.
யாரும் கத்தவில்லை.
கத்தியிருந்தால் தேவலை.
இர்ஃபான் பாஷா எஞ்சினை மறுபடி திறக்கச் சொன்னார்.
கண்ணாடி, டார்ச், நான்கு பேரின் முழங்கை.
"ஒரு மணிக்கு எண்ணினபோது இருந்துச்சே,
அப்புறம் இங்கேதான் விழுந்திருக்கணும்"
என்றான் திலீப், என் கையெழுத்தைக் காட்டி.

ஒரு மணிக்குத் தேநீர் வந்திருந்தது.
இடது சக்கரக்குழியில் வேலை முடித்து
நான் பெட்டியைப் பார்த்தேன், உண்மைதான்.
எண்ணவில்லை.
நுரை கறுப்பு, குழியும் கறுப்பு,
பேனா கையில் இருந்தது.

ஏணியில் நின்றபடி ஏழு நிமிடம்
வேறு யாராவது கண்டெடுக்கட்டும் என்றிருந்தேன்.
பிறகு சொன்னேன்.
வீட்டில் ஒரு தட்டு உடைந்தால்கூட
பூனை என்று சொல்லி வளர்ந்தவள்
சொன்னேன்:
"சார், ஒரு மணிக்கு நான் எண்ணலை."

அவர் நிமிரவில்லை.
பேனாவை எடுத்து நேரம் எழுதினார்: 3.04.
"அப்ப லெஃப்ட் வீல் பே" என்றார்.
அவ்வளவுதான்.
எல்லா டார்ச்சும் ஒன்றாகத் திரும்பின.

நாலு பத்துக்குக் கிடைத்தது.
சக்கரம் மடங்கி உள்ளே வந்து ஒடுங்குமே,
அந்த இடத்தில், ஹைட்ராலிக் குழாய்க்குப் பின்னால்,
சாதுவாக உட்கார்ந்திருந்தது.

என் பயிற்சிப் பதிவேட்டில்
அன்றைய வரிக்குக் கையெழுத்து இல்லை.
ஒரு மாதம் பெட்டியைத் தொடக்கூடாது,
துடைக்கும் துணிகளை மட்டும் எண்ணலாம்.
எண்ணினேன். நாற்பது. மறுபடியும் நாற்பது.

ஆறரை மணிப் பேருந்தில், சாதஹள்ளி அருகே,
தலைக்கு மேல் ஒன்று போனது.
சக்கரங்கள் மடங்கி உள்ளே போவதை
கழுத்து வலிக்கப் பார்த்தேன்.
கதவு மூடிற்று. ஒன்று. இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை அல்ல, ஆனாலும்
நானே கூப்பிட்டேன்.
"ஏறியாச்சா?" என்றாள் தூக்கக் குரலில்.
"கிளம்பிடுச்சும்மா.
முப்பத்தஞ்சு நிமிஷம் லேட்டு."