மரியா, இங்கே பார்

மரியசூசை என்ற பெயரில்
பாதிதான் பிடித்தது பேட்ஜில்.
சால்மியாவின் இந்தக் கடையில்
ஆறு வருடமாக நான் மரியா.

எந்த லென்ஸை மாட்டிக் கொடுத்தாலும்
வாங்க வந்தவருக்குச் சோதித்துப் பார்க்க ஒரு முகம் வேண்டும்.
சுவர்க் கடிகாரம் இருக்கிறது.
எதிர்ச் சாரியில் ஷவர்மா சுழல்கிறது.
ஆனாலும் என்னைத்தான் எடுப்பார்கள்,
கண் தேடுகிறதாம் கருவி.
ஒரு பச்சைக் கட்டம் பறந்து வந்து
இமைமேல் உட்காரும்.
தலையைத் திருப்பினால் கூடவே திரும்பும்,
கடன் கொடுத்தவன் மாதிரி.

ஐம்பதில் என் மூக்கு நேர்மையாக இருக்கும்.
இருபத்துநாலில் நெற்றி முந்திக்கொள்ளும்.
எண்பத்தைந்தில், ஒன்று புள்ளி நாலில்,
ஒரு கண் மட்டும் கூர்மை,
காதுகள் இரண்டும் மோரில் கரைந்துபோகும்.
அழகு என்பார்கள்.
என்னை அல்ல, அந்த மங்கலை.
பிறகு கட்டைவிரல். அழிக்கவா? ஆம்.
நாளைக்கு முப்பது தடவை.

பாடி என்றால் இங்கே கேமரா.
இரவு ரூமில் அந்தச் சொல்லைச் சொன்னால்
சோறு பிசையும் கை நின்றுவிடும்:
யாரு? எந்தக் கம்பெனி?

அரபியில் கேட்டாலும் மலையாளத்தில் கேட்டாலும்
எனக்கு வாய் வரும்.
தமிழில் கேட்டால்தான் தடுமாற்றம்.
போன வாரம் ஒரு பையன், தென்காசிப் பக்கம்,
"அண்ணே, கண்ணாடி இல்லாத கேமராங்கறாங்க,
அப்ப முன்னாடி இருக்கிறது என்ன?"
முகம் பார்ப்பதும் கண்ணாடி,
மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி,
புழுதி ஒட்டுகிற ஜன்னலும் கண்ணாடி.
உள்ளே இருந்ததைத்தான் எடுத்துவிட்டார்கள் தம்பி,
படக்கென்று எழுந்து விழுமே, அதை.
இப்போது உள்ளே கண்ணாடியே கிடையாது.
வெளியே இருப்பது வருடா வருடம் பெருக்கிறது,
விலையும்.
சிரித்தான்.
தோள்பட்டை மட்டும் வாங்கிப் போனான்.

கதவு திறந்தால் ஆகஸ்ட் உள்ளே வரும்.
குளிரிலிருந்து வெளியே போன லென்ஸ்
நொடியில் வியர்த்து வெள்ளையாகும்.
துடைக்காதீர்கள், பத்து நிமிடம் பொறுங்கள் என்பேன்.
தூசிக்காற்று நாளில் லென்ஸைக் கழற்றவே விடமாட்டேன்,
சென்சாருக்கு இப்போது இமை இல்லை.

நேற்று ஹானி வந்தார்.
எகிப்துக்காரர், பள்ளியில் ரசாயனம்,
வெள்ளிக்கிழமை ஜஹ்ரா குளத்தில் பூநாரை.
மூன்று வருடப் பாடியைக் கொடுத்துவிட்டுப்
புது மாடல் எடுக்கிறார்.
அது பறவையின் கண்ணையும் பிடிக்குமாம்.
பழையதற்கு மனிதனை மட்டும்தான் தெரியும்.
பிடியில் ரப்பர் தேய்ந்து வழுக்கை,
ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் சொடுக்கு.
பதினைந்து தினார் குறைத்துப் பேசி முடித்து
வழக்கம்போல இரண்டாவது துளையைத் திறந்தேன்.
ஒரு கார்டு.
துளை வேலை செய்கிறதா என்று
அன்றைக்கு இதே மேசையில் போட்டுப் பார்த்தது,
போட்டதோடு சரி.
உள்ளே ஒரே ஒரு படம். எண் ஒன்று.

நான்.
பின்னால் ஜன்னல் முழுக்கத் தூசியின் ஆரஞ்சு.
தோளுக்கு மேல் தள்ளுபடிப் பலகை.
பாதி திறந்த வாய், ஏதோ விலை சொல்கிறது.
இடது கண் அப்படியொரு கூர்மை.
பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன்,
கருவிழிக்குள் குருணை அளவு ஹானி,
முழங்கைகளை விரித்து
முகம் இருக்கவேண்டிய இடத்தில் கேமராவோடு.
தென்காசிப் பையனிடம் நான் சொன்னது சரியில்லை.

"உங்களுடையது" என்று நீட்டினேன்.
பார்த்தார்.
"யாரிது?"
பேட்ஜைத் தொட்டுக் காட்டினேன்.
"இளைத்துவிட்டாய், மரியா."

கார்டைப் புதியதில் செருகினார்.
உள்ளதை அழித்துத் தயார்செய்யவா என்றது திரை.
கட்டைவிரல் அதன்மேல் நின்றது.
"வேண்டாம்" என்றேன்,
வாடிக்கையாளரிடம் இதுவரை சொல்லாத சொல்.
தோளைக் குலுக்கினார்,
கருவியைத் தூக்கினார்.

"மரியா, இங்கே பார்."

ஒரு நிமிடம் என்று
பலகையைச் சுவரோரம் நகர்த்தி வைத்துவிட்டு
வந்து நின்றேன்.
அதற்குள் கட்டம் பிடித்துவிட்டது.