நேற்றைய தண்ணீர்

மீன்கடை எலியோதோரோ முடிச்சிட்டுக் கொடுத்த பையில்
நாற்பத்தேழு முட்டைகள்.
வெந்த ஜவ்வரிசிக்குள் ஆளுக்கொரு மிளகு.
"தண்ணியை மாத்தினாப் போதும், ஒப்துலியா."
பொய் சொல்கிறவன்
இவ்வளவு சுருக்கமாகத்தான் பேசுவான்.

வெளியூர்க்காரர்களுக்கு ஆக்ஸலாட்டல்.
சோச்சிமில்கோவில் எங்களுக்கு அஹோலோத்தே.
வாய்க்காலுக்கு முதுகு காட்டி நிற்கும் இந்த வீட்டில்
பிறந்து வளர்ந்தவள்தான்,
ஆனாலும் ஒன்றைக்கூட உயிரோடு பார்த்ததில்லை,
ரூபாய்நோட்டில் பார்ப்பதுபோல் படத்தில் பார்த்ததோடு சரி.

வீடு என்னுடையது என்று சொல்லக் கூடாது,
வழக்கு நடக்கிறது.
என் தம்பி ருத்திலியோ
சமையலறைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டான்.
அடுப்பு எனக்கு.
குழாய் அவனுக்கு.

பதினாறாம் நாள் பொரிந்தன.
கண்ணும் வாலும் மட்டுமான கோடுகள்,
கழுத்தோரம் பிசிறாக இறகு.
இரண்டு நாள் எதையும் தின்னவில்லை.
பயந்துபோய் அவித்த மஞ்சள்கருவைக் கரைத்து ஊற்றினேன்.
விடிந்தபோது தண்ணீர் நாறியது.
ஆறு போயின.
வயிற்றில் கட்டுச்சோறோடு பிறப்பவை அவை,
பசி என்னுடையதாக இருந்திருக்கிறது.

அசையாத எதையும் அவை உணவென்று நம்புவதில்லை.
அதனால் இறால் பொரித்தேன்.
கழுத்தறுத்த கோலா பாட்டிலைக் கவிழ்த்து,
உப்புத் தண்ணீர் விட்டு, மேசைவிளக்கின் கீழே ஒரு நாள்.
வெளிச்சத்தைத் தேடி
ஆரஞ்சுப் புகையாய்க் கூடும் உயிர்களைக்
கிழிந்த காலுறையில் வடிகட்டிச்
சொட்டுக் குழாயில் எடுத்து
நாற்பத்தொரு வாய்களுக்கு.
விசுக்! ஒரு தலைவெட்டு. அவ்வளவுதான் சாப்பாடு.
நான் நின்றபடியே சாப்பிடத் தொடங்கியது அப்போதுதான்.

முன்கைகள் முளைத்தன.
முளைத்த வாரமே ஒன்றன் கையை ஒன்று தின்றது.
கோபமெல்லாம் இல்லை.
பக்கத்தில் ஏதோ அசைந்தது,
அது உடன்பிறந்ததாகப் போயிற்று.

ஆளுக்கொரு தயிர்க் கிண்ணம்.
அடுப்பு மேடை நிரம்பி, ஜன்னல் திட்டு நிரம்பி
தரைக்கு இறங்கினேன்.
இருபத்தொன்பதாவது கிண்ணம் கோட்டைத் தாண்டியது.

தினமும் புதுத் தண்ணீர்.
குழாய்த் தண்ணீரில் குளோரின்,
ஒரு ராத்திரி திறந்து வைத்தால்தான் விஷம் இறங்கும்.
தம்பி மினிபஸ்ஸை நிறுத்திவிட்டுத் தூங்கியபின்
செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டைத் தாண்டுவேன்.
நூல் போலத் திறப்பேன் குழாயை.
சொந்த வீட்டில் ஐம்பத்திரண்டு வயதுத் திருடி.

ஒரு வியாழக்கிழமை
ஷிஃப்ட் முடிந்து திரும்ப ஒன்றரை மணி.
வாளியை நிரப்பி வைக்காமல் போன நாள் அது.
கிண்ணங்களில் கலங்கல்.
இன்றைக்கு எத்தனை சாகும் என்று எண்ணியபடி
விளக்கைப் போட்டேன்.

கோட்டின்மேல்,
சரியாகக் கோட்டின்மேல்,
மூன்று வாளிகள்.
தூசி விழாமல் விளையாட்டுச் செய்திப் பக்கம் மூடியிருந்தது.
பக்கத்தில் தரையில்
கோடு போட்ட அதே சாக்பீஸின் கோணல் எழுத்து:
"நேற்றைய தண்ணீர்."

அவன் கதவுக்குப் பின்னால் குறட்டை.
கொஞ்சம் அதிகமான குறட்டை.

நாங்கள் இதைப் பற்றிப் பேசவில்லை.
வாளிகள் இருக்கும், காலி செய்வேன், இருக்கும்.
செவ்வாய்க்கிழமை வாய்தா.
அவன் பஸ்ஸிலேயே போவோம்,
என்னிடமும் சில்லறை வாங்கிக்கொள்வான், தெரியும்.

பதினேழாம் கிண்ணத்துக் குட்டிக்குக்
கை திரும்ப முளைத்துவிட்டது.
நான்கு விரல் வர வேண்டிய இடத்தில்
ஐந்து.
டார்ச்சடித்து இரண்டு முறை எண்ணினேன்.
கோட்டுக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்தவன்
மூன்றாவது முறை எண்ணினான்.