சுண்டலின் இருமல்

காலை எட்டு மணியிலிருந்து
இருமலை வாங்கிப் பெயர் எழுதி வைப்பவள் நான்.
மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி, காசநோய்ப் பிரிவு.
சின்ன டப்பாவை நீட்டிச் சொல்வேன்:
ஆழமா இழுத்து அடியிலேர்ந்து வரணும், எச்சில் வேணாம்.
முதுநகர் மீன்காரர், சிப்காட் லோடுமேன்,
வாயைத் துண்டால் மூடுங்க என்றால் மூடுவார்கள்,
பிறகு துண்டை எடுத்துவிட்டுப் பேசுவார்கள்.

வீட்டில் சுண்டல் இருமியபோது மட்டும்
எலும்பு என்று நினைத்தேன்.
டார்ச் அடித்து
அவன் வாய்க்குள் இரண்டு விரல் விட்டுத் தேடினேன்.
பொறுத்துக்கொண்டான்.
கடிக்கவில்லை என்பதை நினைத்தால்
இப்போதும் விரல் கூசுகிறது.

கழுத்துப்பட்டை இழுபட்டால் போதும்,
வாத்து கத்துவது போல ஒரு சத்தம்,
கடைசியில் கொஞ்சம் வெள்ளை நுரை,
பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி வால்.
தேவனாம்பட்டினம் கடற்கரையில்
சுண்டல் வண்டிக்கு அடியில் கிடைத்த குட்டி.
பெயர் அப்படி வந்ததுதான்.

கால்நடை டாக்டர் ரெஹானா
தொண்டையை லேசாக அழுத்தினார். இருமினான்.
"எலும்பு இல்லம்மா. தொத்து.
எங்க தண்ணி குடிக்கிறான்?"

எங்கே குடிக்கிறான்.
வாசலில் நான் வைத்த சிமெண்ட் தொட்டியில்.
கத்திரி வெயிலுக்கு வாங்கிப் போட்டது.
தெருவே குடிக்கட்டும் என்று பெருமையாகப்
படம்கூடப் பிடித்து வைத்திருக்கிறேன்:
ஐந்து நாக்கு, ஒரு தொட்டி.

"மூக்குல விடுற தடுப்பு மருந்து இருக்கு.
வருஷா வருஷம் விட்டிருந்தா
இவ்வளவு படுத்தியிருக்காது."
திட்டவில்லை.
அந்தக் குரலில்தான் நானும் தினம் பேசுகிறேன்.

பதினான்கு நாள்.
கடற்கரை இல்லை, பட்டை இல்லை,
நெஞ்சைச் சுற்றிக் கட்டும் வார் மட்டும்.
குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு
ஆவிக்குள் உட்கார்ந்திருப்போம்,
நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி,
அவன் குழாயை முறைத்தபடி.
தொட்டியை ப்ளீச்சிங் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தேன்.
தெருவில் இருப்பவற்றின் தாகத்தைக் கவிழ்க்க முடியுமா?
கேட்டை விட்டு எட்ட,
ஆளுக்கொரு கொட்டாங்கச்சி, தள்ளித் தள்ளி.
கறுப்பி மட்டும் எல்லாவற்றிலும் ஒரு வாய் குடிக்கிறாள்.
அவளிடம் என்ன சொல்ல.

நான்காம் இரவு
மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வாத்து கத்தியது.
சுண்டல் காதைத் தூக்கினான். பதிலுக்கு இருமினான்.
அமிர்தகடேசன் வீட்டு பிங்கி.
சாக்கடைத் தகராறில் அந்த வீட்டோடு
பேச்சு நின்று இரண்டு மழைக்காலம்.
மதிலடி ஓட்டையில் இவை இரண்டும்
மூக்கோடு மூக்கு வைத்துக்கொள்வது
எங்கள் இருவருக்கும் தெரியும்.
அதைப் பற்றியும் பேசியதில்லை.

ஆஸ்பத்திரியில் கேட்பேன்:
வீட்ல, பக்கத்துல, வேற யாருக்காவது இருக்கா?
கூச்சப்படாம சொல்லுங்க.

மணி பதினொன்றே கால்.
கையைச் சோப்பு போட்டுக் கழுவி,
நைட்டியை மாற்றி,
பழக்கதோஷத்தில் மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு போய்
கேட்டைத் தட்டினேன்.
விளக்கு எரிந்தது.
அவர் இடது கையில் டார்ச்.
வலது கையில் இரண்டு விரல் ஈரம்.

"எலும்பு இல்லைங்க" என்றேன்.