மூன்றாவது தாழ்ப்பாள்

புந்தா அரேனாஸில்
காற்றுக்குக் கதவைத் தட்டத் தெரியாது.
தள்ளத்தான் தெரியும்.

இரும்புக்கடையின் மேல்மாடி. வியாழன், மாலை ஏழு.
கதவைப் பார்த்த நாற்காலியை
எர்மிந்தாவுக்கென்று விட்டுவைப்போம்.
ஏன் என்று கேட்கிற வழக்கம் இங்கே கிடையாது.

எட்டு வாரம் அவள் பேசியதெல்லாம்
கீழ்க்கடையில் வாங்கிய தாழ்ப்பாள்கள் பற்றி:
பித்தளை ஒன்று, எஃகு இரண்டு,
எந்தத் திருகாணி எந்த மரத்தில் நிற்கும் என்று.
நெரீனா குறிப்பெடுக்கவில்லை.
மாத்தே கஷாயக் குடுவையை மறுபடி நிரப்பினாள்.

"நீ கத்தியிருக்கலாமே"
அக்கா கேட்டாளாம்.
ஒன்பதாம் வாரம், குடுவைக்குள் பார்த்தபடி சொன்னாள்.
கத்தக் குரல் வேண்டுமே.
அன்று அவளிடமிருந்து முதலில் தப்பியோடியது
அதுதான்.

ரொசால்பா தன் நாற்காலியை
ஒரு சாண் அருகே இழுத்தாள்.
"இவ்வளவு போதுமா, அதிகமா?"
"போதும்."

ஆகஸ்ட். ஜலசந்தி ஈயமாய்க் கிடந்தது.
படியேறி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது.
"நேற்று ராத்திரி மூன்றாவதைப் போட மறந்துவிட்டேன்."
விடிந்த பிறகுதான் பார்த்தாளாம்.
சொல்லும்போது முகத்தை
இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்,
அழுகையா சிரிப்பா, தெரியவில்லை.
நாங்கள் கைதட்டவில்லை.
கீழே யாரோ ஆணி எடைபோடும் சத்தம்.

அடுத்த வியாழன்:
"மூன்றையும் போட்டேன். மேசையையும் முட்டுக் கொடுத்தேன்."
"சரி" என்றாள் நெரீனா,
போன வாரம் சொன்ன அதே குரலில்.

பிறகு என் முறை வந்தது.
பதினோரு வருடமாக
விளக்கை அணைக்காமல்தான் தூங்குகிறேன்
என்றேன்.
குடுவை இன்னும் சூடாக இருந்தது.