மூன்று தாவல்

மார்த்தாண்டம் சந்தையில் கடைக்காரர் காட்டியது
கோழிக்கூடு.
"முயலுக்கும் இது கொள்ளாம்" என்றார்.
அடியிலும் கம்பிவலை.
உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தேன்;
சதுரம் சதுரமாய்ச் சிவந்தது.

வாங்காமல் குலசேகரம் திரும்பினோம்.
ரெஜினி அதன் கால்களை நனைத்து
சிமெண்டுத் தரையில் விட்டாள்.
ஈரத்தடம் காயுமுன்
மூன்று தாவலை நூலால் அளந்தேன்:
ஆறடி.

ஆனியில் மேற்குச் சாரல்,
ஐப்பசியில் கிழக்கு.
இரவில் மரநாய் வேறு,
ஒற்றைத் தாழ்ப்பாளைத் தட்டியே திறக்கும்.
வாசலை எந்தப் பக்கம் வைக்க?
வாடகைக்கு வீடு பார்த்த அன்றுகூட
நாங்கள் இத்தனை கேள்வி கேட்கவில்லை.

இப்போது
ஸ்கூட்டர் வெளியே நனைகிறது.
அது நின்ற இடத்தில்,
ஆறடி ரப்பர் பலகைக்குள்,
வைக்கோலை இழுத்து இழுத்து
ஒரு மூலை செய்து
ஓரடியில் ஒடுங்கி உறங்குகிறது
முயல்.