கடைவாய் வழி

தொப்பூர்க் கணவாயில் வண்டி சாய்ந்த இரவில்
தாடை இரண்டாகி
கடைவாய்ப் பல் ஒன்று எங்கோ போனது.
மேலையும் கீழையும் சேர்த்துக் கம்பி போட்டார்கள்
சேலத்தில்.
ஆறு வாரம், தண்ணியாகத்தான், என்றார் டாக்டர்.
பல் போன சந்தில் ஸ்ட்ரா நுழைகிறது.
அந்த ஒரு பல்லும் இருந்திருந்தால்
என்ன செய்திருப்பேனோ.

விடியக்காலை நாலரைக்கு
பால் சொசைட்டிக்குப் போய்விடுவாள் மாதேஸ்வரி.
பாலக்கோடு அப்போது கேன்களாலும் நாய்களாலும் ஆன ஊர்.
பதினோரு வருசம் டாபாவில் தின்றவன்
என் சொந்த அடுப்புக்கு முன்னால் நின்றேன்,
எந்த டப்பாவில் எது என்று தெரியாமல்.
கேட்கவும் வாயில்லை.
மூடி திறந்து திறந்து முகர்ந்தேன்.
சீரகம். வெந்தயம். ஒரு டப்பாவில்
சீட்டுப் பணம், ஆயிரத்து இருநூறு.
மூடிவிட்டேன்.

முதல் சூப், கொள்ளு.
ஊறப்போட வேண்டும் என்று யார் சொன்னார்கள்?
ஒன்பது விசிலுக்கும் கல் கல்லாகவே இருந்தது.
வடித்த தண்ணீரில் நாலு சின்ன வெங்காயம்,
தட்டின பூண்டு, மிளகு,
கிலோ மூன்று ரூபாய்க்கு விழுந்துகிடந்த தக்காளி.
குடித்தேன். லாரி ரேடியேட்டர் மாதிரி
மூக்கு வழியே ஆவி.
நன்றாகத்தான் இருந்தது,
தக்காளித் தோல் ஒன்று கம்பியில் போய்
மாட்டிக்கொள்ளும் வரைக்கும்.

வந்தவள் செல்போன் டார்ச் அடித்து
கொண்டை ஊசியால் எடுத்தாள்.
கல்யாணமாகி ஏழு வருசம்,
இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு நேரம்
அவள் என் முகத்தைப் பார்த்ததில்லை.
"இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு.
ஒன்பது கிலோ இளைச்சிருக்க,
கொள்ளை வேக வெச்சுக் குடிக்கிற."
சிரிக்கப் பார்த்தேன். கம்பி இழுத்தது.

ஞாயிற்றுக்கிழமை கிளீனர் திம்மராயன்
ஆட்டுக்கால் நாலு வாங்கிவந்து
கேட்டில் தொங்கவிட்டுப் போனான், உள்ளே வராமல்.
அன்றைக்கு அவன் தூங்கிவிட்டான்.
நானும்தான் தூங்கினேன்.
இதை எழுதிக் காட்டவாவது
அவன் நின்றிருக்கலாம்.
காலைத் தீயில் வாட்டிச் சுரண்டி
மூன்று மணி நேரம் சிம்மில் விட்டேன்.
சேலைத் துணியில் இரண்டு முறை வடிகட்டினேன்.
ஆறினால் பசைபோல் உதட்டை ஒட்டும் சூப்.
கறியெல்லாம் மாதேஸ்வரிக்கு.
"நீ குடி, நான் பாக்கறேன்" என்பாள்,
எலும்பை மடியில் மறைத்தபடி.
வேண்டாம், சத்தமாக உறிஞ்சு,
என்று சிலேட்டில் எழுதினேன்.

நாலாம் வாரம் எள்ளை எடுத்தேன்.
அரிசி மாவு, பொட்டுக்கடலை மாவு,
ஒன்றிரண்டாக இடித்த நிலக்கடலை,
கறிவேப்பிலை, மிளகாய்த்தூள்,
காய்ந்த எண்ணெய் ஒரு கரண்டி.
எண்ணெய்க் கவரைக் கிழித்து விரித்துத் தட்டினேன்.
ஒன்றும் வட்டமில்லை.
நிப்பட்டு என்றால் வட்டம் என்று
எவன் எழுதிவைத்தான்?
உப்பை உதட்டில் தொட்டுப் பார்த்தேன்.
வெந்ததை எப்படிப் பார்ப்பது?
காதால்.
போட்டவுடன் எண்ணெய் மேடேறும் வண்டி மாதிரி கத்தும்,
அப்புறம் சமதளம்,
அப்புறம் நியூட்ரலில் ஓடும் மெல்லிய முனகல்.
அங்கே எடுக்கணும்.
முதல் நாலு கருகின.
திம்மராயனுக்கு அவை போதும்.

சாயங்காலம் கறவை முடிந்து வந்தாள்,
கையில் பால் வாடை.
நேரே தட்டுக்குப் போனாள்.
கரண்டு போனது.
இருட்டில் முதல் கடி,
அறை முழுக்க ஒரு நொறுங்கல்.
கண்ணை மூடிக் கேட்டேன்,
இருட்டில் கண்ணை எதற்கு மூடினேன் தெரியவில்லை.
எள்ளு வெடிக்கிற இடம், கடலை உடைகிற இடம்
தனித்தனியாகக் கேட்டது.
என் வாயில் எச்சில் ஊறி
கம்பியைச் சுற்றி வந்தது.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள்.
இன்னொன்றை எடுக்கும் சத்தம்.
அப்புறம் இன்னொன்று.
மேஜையில் என் சூப் ஆறிக்கொண்டிருந்தது.
அதிலும் ஒன்றை முக்கிவிட்டாள், திருட்டுக் கழுதை.