அடிக்குரல்

எர்மிலே தாத்தா போய் நாற்பதாம் நாள்.
மேசையைச் சுற்றிப் பதினேழு பேர்.
சோள ரொட்டி, வால்நட் அரைத்துப் பூசிய கத்தரிக்காய்,
மரமேறிய கொடியின் கருந்திராட்சை மது.
அவர் நாற்காலியில் யாரும் ஈரக் கோட்டைக்கூடப் போடவில்லை.

எங்கள் வீட்டில் உட்காரும் வரிசை வயதுப்படி அல்ல.
ஜன்னல் பக்கம் மேல்குரல்,
அடுப்புப் பக்கம் நடுக்குரல்,
கதவை அடைத்துக்கொண்டு அவர், அடிக்குரல்.
குரலில்லாத நான்
ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், ஜாடியும் கையுமாக.

தேயிலை ஆலையின் லாரியை
முப்பத்தொரு வருடம் ஓட்டினார்.
மலையிறக்கத்தில் இரண்டாம் கியர் என்ன சுருதி
என்று அவருக்குத் தெரியும்.
அதன்மேல் ஒரு பாட்டை ஏற்றிக்கொண்டு
ஈர இலை மூட்டைகளோடு இறங்கி வருவார்.
ஒஸுர்கெத்தி சந்தை முனையில்
அபராதம் எழுத நிறுத்திய போலீஸ்காரன்
பாதியில் பேனாவை மூடிவிட்டு
நடுக்குரல் எடுத்தானாம்.
மழையில் ரசீது கரைந்தது.

என் அப்பா பெண் கேட்டு வந்தபோது
வேலை என்ன, வீடு உண்டா, ஒன்றும் கேட்கவில்லை.
"மேலா, நடுவா?"
அப்பா நன்றாக யோசித்து
"கோல்கீப்பர்" என்றார்.
மூன்று நாள் தாத்தாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.
நான்காம் நாள்,
"போகட்டும், கேட்கவும் ஒருவன் வேண்டுமே"
என்று கோப்பையை எடுத்தார்.

எல்லாம் சிரிப்பதற்கில்லை.
நாஸிப்ரோலா சித்திக்கு
ரிகாவிலிருந்து ஒருவன் எழுதிக்கொண்டிருந்தான்.
"மேல்குரல் போய்விட்டால்
கூரை பிரித்த வீட்டில் பாடச் சொல்கிறாயா?"
என்றார் தாத்தா. ஒரே ஒரு முறைதான் சொன்னார்.
சித்தி இருந்துவிட்டாள்.
உச்சத்தில் அவள் குரல் எப்போதும்
ஒரு மயிரிழை கூடுதலாக ஏறி நிற்கும்.
அவர் காதுக்கு அது எட்டாமலா இருந்திருக்கும்?
ஒருநாளும் திருத்தியதில்லை.

அப்பாவின் தொண்டை, தாத்தாவின் காது:
இப்படியும் ஒரு பிறவி.
படுமியில் ஹோட்டல்களின் ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கிறேன்.
முதுகுப்பக்கம் காதை வைத்தால் போதும்,
கம்ப்ரஸர் எங்கே தேய்ந்திருக்கிறது என்று
அதுவே சொல்லிவிடும்.
மீட்டர் வைத்திருப்பவர்கள் சிரிப்பார்கள்,
பிறகு என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அன்று ஓட்டியா மாமா தொடங்கினார்.
சித்தி மேலே சேர்ந்தாள்.
கீழே யாருமில்லை.
பரணில் ஏறி இறங்கத் தெரியாத பூனைபோல
இரண்டாம் அடியிலேயே பாட்டு நின்று கத்தியது.
மாமா கரண்டியை எடுத்தார், வைத்தார்.

டக்.
என் முழங்கைக்கருகே பழைய ஃபிரிட்ஜ்
உடம்பை உலுக்கிக்கொண்டு முனகத் தொடங்கியது.
நான் பிறந்த வருடம் வாங்கியது.
சத்தம் தாங்கவில்லை, வந்து பார் என்று
சித்தி இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

மாமா தன் குரலை அரைப்படி இறக்கினார்.
சித்தியும் இறங்கினாள்.
பதினேழு பேரில் ஒருவர் சிரிக்கவில்லை.
பாட்டுக்குத் தரை கிடைத்துவிட்டது.

நடுவில் அது நின்றது.
பாடியவர்களும் நின்றார்கள்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்,
பிறந்ததிலிருந்து முதன்முறையாக, பாட்டு நடுவே.
நான் காலை நீட்டிக் கதவைத் திறந்து வைத்தேன்.
மஞ்சள் வெளிச்சம். அரை வெங்காயம்.
அவருடைய கண் சொட்டுமருந்து.
உள்ளிருக்கும் குளிர் வெளியேறி
மறுபடி அது மூச்செடுக்கும்வரை
பதினேழு பேரும் காத்திருந்தோம்.

காலையில் பையைத் திறந்தேன்.
அடியில் ஒரு ரப்பர் மாற்றினால் சத்தம் நிற்கும்,
பத்து நிமிட வேலை.
பையை மூடினேன்.

"இன்னும் எத்தனை வருடம் ஓடும்?" என்றாள் சித்தி.
"மூன்று. இழுத்தால் நான்கு."
ஒரு கோப்பையைத் துடைத்துக் கவிழ்த்தாள்,
அடுத்ததைத் துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"ரிகாவில்
குளிர் ரொம்ப இருக்குமா?"